பொட்டிக்குள்ளே எத்தனை லிட்டர்?

"அண்ணே, ஊஃபர் ஒரே மாசத்துல போயிருச்சு. டூப்ளிகேட்டா இருக்குமோ?"

ஊஃபரை, அதாவது பேஸ் சத்தம் போடும் பெரிய ஸ்பீக்கரை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு இப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பொட்டி எங்கே?" ஸ்பீக்கர் ரிப்பேருக்குப் பொட்டி எதற்கு என்று ஒரு பார்வை பார்ப்பார்கள்.

போன மாதம் வந்த தம்பி மறுநாளே பொட்டி ஜோடியையும் கொண்டு வந்தார். 8 இன்ச் ஊஃபர், 18 மில்லிமீட்டர் பிளைவுட், மேலே தேக்கு வெனீர். பார்க்க அவ்வளவு லட்சணம். 45 லிட்டர் பொட்டி, காற்று வந்து போகும் பைப் 40 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்படி டியூனிங் என்று கணக்குப் போட்டு, ஆசாரியிடம் 30க்கு 30க்கு 50 சென்டிமீட்டர் என்று சொல்லியிருக்கிறார். பெருக்கினால் சரியாக 45 லிட்டர்தான். ஆனால் ஆசாரி அதை வெளியளவாக எடுத்துக்கொண்டார். அலமாரி அடிக்கிறவர் அப்படித்தான் எடுப்பார், அவர் மேல் தப்பில்லை. பலகைக் கனத்தைக் கழித்தால் உள்ளே 26.4, 26.4, 46.4. அது 32 லிட்டர். ஊஃபரின் காந்தம், பைப், குறுக்குச் சட்டம் அடைக்கிற இடமும் போக மிச்சம் 30. மூன்றில் ஒரு பங்கு காற்று காணாமல் போய்விட்டது.

பைப்பை மட்டும் 45 லிட்டருக்குக் கணக்குப் பார்த்து 11 சென்டிமீட்டரில் வெட்டியிருந்தார். காலி பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்கிறதே, அதே சங்கதிதான் இந்த பைப்பும். பாட்டில் சின்னதானால் சுருதி ஏறும். 40இல் நிற்க வேண்டியது 49 ஹெர்ட்ஸில் போய் நின்றது. பாட்டுப் போட்டால் அடி பேஸ் இல்லை, எல்லாப் பாட்டுக்கும் ஒரே 'தொம் தொம்'. இவர் என்ன செய்தார்? ஆம்ப்ளிஃபயரில் பேஸைக் கடைசி வரை திருகிவிட்டார்.

இங்கேதான் ஊஃபர் சாகிறது. டியூனிங்குக்குக் கீழே உள்ள சத்தத்துக்குப் பொட்டிக் காற்று கோனை, அதாவது ஊஃபரின் அதிரும் கூம்பைத் தாங்கிப் பிடிக்காது. தாங்கல் இல்லாமல் கோன் முன்னும் பின்னும் அலையும். கழற்றிப் பார்த்தேன். கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் சுற்றியிருக்கும் உருளையின் அடிவிளிம்பு, நசுங்கிய டம்ளர் மாதிரி உள்ளே மடங்கியிருந்தது. பின்னாலிருக்கும் இரும்புத் தட்டில் இடித்து இடித்து வந்த மடிப்பு அது. ஒரிஜினலாக இருந்தாலும் இதே கதிதான்.

எந்த ஊஃபருக்கு எவ்வளவு காற்று என்பது குத்துமதிப்பு விஷயமில்லை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் இதற்குக் கணக்கு வகுத்துவிட்டார்கள். ஊஃபரோடு வரும் தாளில் எஃப்எஸ் (ஊஃபரின் இயல்பான சுருதி), க்யூடிஎஸ் (அதிர்வு எவ்வளவு அடங்கும்), விஏஎஸ் (கோனின் துள்ளலுக்குச் சமமான காற்றளவு) என்று மூன்று எண்கள் இருந்தால் கணக்கு போடலாம். தாளே இல்லாத லோக்கல் ஊஃபர் என்றால் பைப் வைக்காதீர்கள். மூடிய பொட்டியே அடியுங்கள். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது மன்னிக்கும்.

அந்தத் தம்பிக்கு வேறு பொட்டி அடிக்கச் சொல்லவில்லை. காயில் மாற்றி, 7 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள அதே ரகப் பிவிசி பைப்பைப் புதிதாக 19 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிப் போட்டேன். பின்பலகைக்கு 7 சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்தது. பைப்பின் விட்டம் அளவுக்காவது அங்கே இடம் வேண்டும், நூலிழையில் தப்பித்தோம். அந்த ஊஃபருக்கு 30 லிட்டர் முழுசாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காயில் பிழைக்கும். பைப்பை எப்போதும் கொஞ்சம் நீளமாகவே வெட்டுங்கள், பிறகு நறுக்கலாம். இந்தப் பொட்டியில் 5 சென்டிமீட்டர் நறுக்கினால் 5 ஹெர்ட்ஸ் ஏறும்.

டியூனிங் சரியா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பொட்டியை மல்லாக்கப் போட்டு, கோன் நடுவிலுள்ள மூடியில் நாலு உளுந்தை வையுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பைத் திறந்து, மிதமான சத்தத்தில் 60 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்குங்கள். துள்ளிக்கொண்டிருந்த உளுந்து ஓரிடத்தில் அடங்கும், பைப் வாயில் காற்று மட்டும் பலமாக வீசும். அதுதான் டியூனிங். இன்னும் இறக்கினால் உளுந்து தெறித்து ஓடும்.

அப்படியே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டுகள், ஒயர் மாட்டும் டெர்மினல், ஊஃபர் விளிம்பு ஓரமாகக் காட்டுங்கள். புகை ஆடினால் அங்கே காற்று ஒழுகுகிறது. ஊஃபர் விளிம்புக்குக் கதவிடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பே போதும். உள்ளே தெர்மாகோல் ஒட்டுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அது சத்தத்தை உறிஞ்சாது, இடத்தைத்தான் அடைக்கும். தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சு நல்லது, பைப் வாயை மட்டும் மறைக்காமல் வையுங்கள். எம்டிஎஃப் பலகை அறுக்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் மரத்தூள் மட்டுமில்லை, பசையும் சேர்ந்தது.

தம்பி ஜோடியை எடுத்துப் போன அன்றைக்கு ராத்திரியே போன். "அண்ணே, தனித்தனியா அருமையா இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் போட்டா பேஸைக் காணோம்." ஒரு பொட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும் என்றேன். ஆம்ப் ஒயரைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்திலிருக்கும் 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து, ப்ளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொடச் சொன்னேன். ஒரு பொட்டியின் கோன் வெளியே வந்தது, இன்னொன்றின் கோன் உள்ளே போனது.