கரண்ட் போனாப்பிறகுதான் கவனம் வேணும்

மாரி தொடங்கினா எனக்குப் போன் ஓயாது. வீட்டு வயரிங், கிணத்து மோட்டர் வேலை செய்யிறனான், காத்து கொஞ்சம் பலமா அடிச்சாக் காணும், "அண்ணை கரண்ட் போட்டுது, ஜெனரேற்றரை எப்பிடிக் குடுக்கிறது" எண்டு கேட்டுக் கோல் வரும். 2008 நிஷா, 2020 புரெவி, 2025 டித்வா, எந்தப் புயலெண்டாலும் காத்தடிக்கேக்க எங்கட சனம் உள்ளுக்கதான் இருக்கும். காத்து விட்டாப்பிறகு பயமில்லாம வளவுக்க இறங்கித் திரியிறதுதான் எனக்குப் பயம். பல்ப் எரியேல்லை எண்டா வயரில ஒண்டும் இல்லை எண்டு நினைக்கினம்.

ஒருக்கா ஒரு ஒழுங்கைக்க கூப்பிட்டவை. ஊருக்குக் கரண்ட் வந்திட்டுது, அந்த ஒரு வீட்டுக்குத்தான் இல்லை. போய்ப் பாத்தா தென்னோலை விழுந்து, போஸ்றில இருந்து வீட்டுக்கு வாற சேவிஸ் வயர் அறுந்து தகர வேலிக்கு மேல கிடக்குது, கிட்டப் போகாம தள்ளி நிண்டு தகரத்தில டெஸ்ரரை வைச்சன், பத்துது. அதே வேலியில கொஞ்சம் தள்ளி ஆடு கட்ட ஒரு அம்மா கயித்தோட வாறா! வேலிக்கட்டை மரம், நிலத்துக்குப் போற கரண்ட் கொஞ்சந்தான், அதால போஸ்றில ஃபியூஸ் போகேல்லை. கரண்ட் கசிஞ்சாத் தானா விழுற வீட்டு ட்ரிப் சுவிச் மீற்றருக்கு அங்கால, வீட்டுப் பக்கம் இருக்கு, அது வெளி வயருக்கு ஒண்டும் செய்யாது. முள்ளுக்கம்பி வேலியும் இப்பிடித்தான். வயர் விழுந்து கிடந்தா முப்பது அடியாவது தள்ளி நில்லுங்கோ, தடியால தட்டிப் பாக்கிற வேலை வேண்டாம், நீங்கள் டெஸ்ரர் வைக்கவும் வேண்டாம், 1987க்கு அடிச்சு மின்சார சபைக்குச் சொல்லுங்கோ.

ஜெனரேற்றருக்கு வாறன். ரெண்டு பக்கமும் பிளக் டொப் பூட்டின வயர் ஒண்டு செய்து சுவர் பிளக்கில குத்துறவை கனபேர். மெயின் சுவிச்சை ஓஃப் பண்ண மறந்தா உங்கட 230 வோல்ற் லைனுக்கு ஏறும், ட்ரான்ஸ்போமர் அதைத் திருப்பி 11,000, 33,000 எண்டு ஆக்கிவிடும், லைன் செத்துக் கிடக்கெண்டு நம்பி போஸ்றில ஏறி நிக்கிறது ஆரோ வீட்டுப் பெடியன். அதோட அந்த வயரை ஆராவது இழுத்தா பிளக்கின்ர பின் கையில உயிரோட நிக்கும். லைன், ஜெனரேற்றர் ரெண்டில ஒண்டை மட்டும் வீட்டுக்கு எடுக்கிற சேஞ்ச் ஓவர் சுவிச் பூட்டுங்கோ, இல்லாட்டி எக்ஸ்ரென்சன் வயரை நேர ஜெனரேற்றரில குத்தி ஃபிரிட்ஜுக்கும் ரெண்டு லைற்றுக்கும் குடுங்கோ, அது காணும்.

மழையில நனையுமெண்டு ஜெனரேற்றரைக் குசினிக்கயோ விறாந்தையிலயோ வைக்காதேங்கோ. புகை மணக்கும், ஆனா ஆளைக் கொல்லுற காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தலையிடி, சத்தி, பிறகு நித்திரை, அவ்வளவுதான்.

வெள்ளத்தில நிண்ட மோட்டரை கரண்ட் வந்த உடன போடுறதும் அப்பிடித்தான். தண்ணி உள்ளுக்கப் போயிருந்தா மோட்டரின்ர பொடி ஷோக் அடிக்கும், நீங்கள் கிணத்தடியில வெறுங்காலோட ஈரத்தில நிப்பியள். கழட்டிக் காய வைச்சு, கரண்ட் பொடிக்குக் கசியுதோ எண்டு பாக்கிற மெகர் மீற்றரை வைச்சுப் பாத்திட்டுத்தான் நான் லைன் குடுக்கிறனான். 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழுற ட்ரிப் சுவிச் இருந்தா அது விழும், விழ வேணும். "விழுந்துகொண்டே இருக்குது, பைபாஸ் பண்ணித் தாங்கோ" எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம். வேற ஆளைப் பாருங்கோ எண்டிடுவன்.