டோகோவுக்குப் போகிறீர்களா? முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு முதல் முறை கிளம்புகிறவர்கள் விசா, டிக்கெட், டோகோவின் தலைநகர் லோமேயில் தங்க இடம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டோகோவுக்குள் நுழையும் 9 மாதத்துக்கு மேற்பட்ட எல்லோரிடமும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருக்க வேண்டும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி. மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசு கடித்துப் பரவும் வைரஸ் காய்ச்சல், உயிரையே வாங்கக்கூடியது.

அங்கே கேட்பது ஒருபுறம் இருக்கட்டும், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இந்தியாவில் இந்த நோய் இல்லை, ஆனால் இதைப் பரப்புகிற ஏடிஸ் கொசு, அதாவது நமக்கு டெங்குவைக் கொடுக்கிற அதே கொசு, தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதனால்தான் நோய் உள்ள நாட்டைவிட்டுக் கிளம்பி 6 நாட்களுக்குள் சான்று இல்லாமல் வந்து இறங்குபவரை, அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், 6 நாட்கள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. கெடுபிடி மாதிரித் தெரியலாம், எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

சரி, ஊசி எங்கே? பக்கத்துக் கிளினிக்கில் போட்டுக்கொண்டால் செல்லாது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கின்றன, தூத்துக்குடியிலும் துறைமுக சுகாதார அலுவலகம் உண்டு. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், கலக்கிவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், அதனால் ஆள் சேர்த்து, குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள். முன்பதிவு பற்றி விசாரித்துவிட்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள்.

போட்டதும் சான்று செல்லாது, 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். அதனால் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுவது நல்லது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலை 11 முதல் அப்படித்தான், பழைய சான்று அட்டையில் 10 வருடம் என்று எழுதியிருந்தாலும் அது செல்லும்.

இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸைக் கொண்ட ஊசி. கர்ப்பிணிகள், முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். போடக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் விலக்குச் சான்று வாங்கலாம், ஆனால் நோய் வராமல் அது காப்பாற்றாது.

அப்புறம் மலேரியா. அங்கே வருடம் முழுக்க உண்டு, இந்த ஊசி அதைத் தடுக்காது. அதற்கான மாத்திரையையும் அதே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்டை கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிறகு அதைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே செருகி வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.