புரோக்ராஸ்டினேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

இந்தச் சொல்லைச் ‘சோம்பல்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். பொருந்தாது. சோம்பேறி சும்மா கிடப்பார். இவரோ செய்யவேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு அலமாரியை அடுக்குவார், பேனாவுக்கு மை ஊற்றுவார், ஒரு கதைகூட எழுதி முடித்துவிடுவார். தாமதித்தால் தனக்குத்தான் கஷ்டம் என்று தெரிந்தே தள்ளுவதுதான் இதன் பொருள். மூலம் லத்தீன். ‘ப்ரோ’ என்றால் முன்னே, ‘க்ராஸ்’ என்றால் நாளை.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: நெடுநீர். ‘நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்’ என்பது குறள் (605). நெடுநீர் என்றால் வேலையை நீட்டிக்கொண்டே போகும் இயல்பு. மடி, அதாவது சோம்பல், தனியாக எண்ணப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இரண்டும் வேறு என்பதில் வள்ளுவருக்குக் குழப்பமே இல்லை. அவரே இன்னோர் இடத்தில் ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ (672) என்கிறார். இங்கே தூங்குவது உறங்குவதல்ல, காலம் நீட்டிப்பது. ஆறப்போட்டுச் செய்யவேண்டியதை ஆறப்போட்டே செய் என்கிறார். எழுதுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான குறள் கிடைக்காது! ஆனால் அதே மூச்சில் ‘தூங்கற்க தூங்காது செய்யும் வினை’ என்று பிடியை இறுக்கிவிடுகிறார்.

இன்றைய பேச்சில் எதைச் சொல்வது? ஒத்திவைப்பது கூட்டத்துக்கும் வழக்குக்கும் உரியது. அதை அறிவித்துச் செய்வார்கள். இழுத்தடிப்பது அடுத்தவரை அலையவிடுவது. தட்டிக்கழிப்பவருக்குச் செய்யும் எண்ணமே இல்லை. எண்ணம் இருந்தும் நாளை நாளை என்பவருக்குத் ‘தள்ளிப்போடுதல்’தான் சரி. நெடுநீரை இப்போது புழக்கத்துக்குக் கொண்டுவந்தால் ஆற்றுவெள்ளம் என்றுதான் நினைப்பார்கள்.

தள்ளிப்போட்ட வேலையின் இடத்தில் வேறொன்று முளைப்பதும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன் 1930 வாக்கில் பள்ளித் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அலுப்பான வேலை. ஒரு மாணவர் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். அதில் டோல்கீன், தரையில் ஒரு பொந்துக்குள் ஒரு ஹாபிட் வாழ்ந்தது என்று கிறுக்கிவைத்தார். ஹாபிட் என்றால் என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது. அந்த வரியில் தொடங்கும் கதைதான் 1937இல் ‘தி ஹாபிட்’ என்ற நூலாக வந்தது.

ஸ்டான்ஃபோர்டின் தத்துவப் பேராசிரியர் ஜான் பெர்ரி இதை ஓர் உத்தியாகவே ஆக்கி ஒரு கட்டுரை எழுதினார். பட்டியலின் உச்சியில் பெரிதாகத் தெரியும் ஒரு வேலையை வைத்துவிட வேண்டுமாம். அதிலிருந்து தப்பிக்கிற சாக்கில் கீழே உள்ளவை எல்லாம் முடிந்துவிடும். ‘திட்டமிட்ட தள்ளிப்போடுதல்’ என்று இதைச் சொல்லலாம். அந்தக் கட்டுரையையே, திருத்தவேண்டிய மாணவர் தாள்களை ஓரங்கட்டிவிட்டு எழுதியதாக அதிலேயே சொல்லியிருக்கிறார். 2011இல் அதற்கு இலக்கியத்துக்கான இக் நோபல் கிடைத்தது. இக் நோபல், சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் வேலைகளுக்குத் தரும் கேலிப் பரிசு.