வீட்டிலேயே உணவுத் தொழில்: 35% மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இதைப் படியுங்கள்

மசாலாப் பொடி, முறுக்கு, அப்பளம், ஊறுகாய், சத்துமாவு என்று வீட்டிலேயே செய்து விற்க நினைக்கும் பெண்களும் விண்ணப்பிக்கக்கூடிய ஒன்றிய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம் என்பார்கள். அலுவலகத்தில் 'பிஎம்எஃப்எம்இ' என்று கேட்டால்தான் புரியும். 2020 ஜூனில் தொடங்கி, 2025-26 நிதியாண்டு வரை நீட்டித்தார்கள். அதனால் கையிலிருந்து ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் திட்டத்தின் இணையதளத்தில் புது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பாருங்கள். பின்னணி இவ்வளவு போதும்.

வாட்ஸ்அப்பில் சுற்றுவது போல இது "பெண்களுக்கு 10 லட்சம் இலவசம்" கிடையாது. இது கடன். வங்கி கொடுத்தால்தான் மானியமே வரும். திட்டச் செலவில் 35%, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். குறைந்தது 10% நம் கையிலிருந்து போட வேண்டும். 3 லட்சத்தில் தொடங்குகிறீர்கள் என்றால் 30,000 உங்கள் பணம், 2,70,000 வங்கிக் கடன், மானியம் 1,05,000.

அந்த 1,05,000 உங்கள் கைக்கு வராது. வங்கியிலேயே தனிக் கணக்கில் நிற்கும். கடைசித் தவணைக் கடன் கொடுத்ததிலிருந்து 3 ஆண்டு, கடனும் ஒழுங்காக இருந்து தொழிலும் நடந்தால்தான் அதை உங்கள் கணக்கில் சேர்ப்பார்கள். அதுவரை கடனில் அந்த 1,05,000-க்கு ஈடான பகுதிக்கு வட்டி இல்லை, அது ஒரு நன்மை. ஆனால் 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், மானியத்துக்கும் ஆபத்து. இதைச் சொல்லாமலே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். முதல் சில மாதம் தவணை விலக்கு உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். விற்ற சரக்குக்குப் பணம் வசூலாகவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

நிலம் வாங்கும் செலவுக்கு மானியம் இல்லை. கடன் அனுமதி வரும் முன்பே சொந்தப் பணத்தில் மெஷின் வாங்கிவிட்டு, பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் பயனில்லை. நகையை அடகு வைத்து அரவை மெஷின் வாங்கிவிட்டு, "மானியம் எப்போ வரும்?" என்று வங்கி வாசலில் நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வராது என்று முதல் நாளே சொல்ல ஆள் இல்லை.

ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான். கணவரோ பிள்ளையோ ஏற்கெனவே வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது.

அடுத்த சிக்கல் பெயர். ஆதாரில் அப்பா இனிஷியல், பான் கார்டில் கணவர் பெயர், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். இணையதளம் ஏற்காது, அலுவலகம் "ஆதாரைத் திருத்திட்டு வாங்க" என்று அனுப்பும், அதற்குள் மாதம் ஓடிவிடும். மூன்றிலும் பெயரை ஒன்றாக்கி, ஆதாரில் உங்கள் சொந்த செல் நம்பரைச் சேர்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மகன் நம்பர் வேண்டாம். ஓடிபி வரும்போது அவன் வேலையில் இருப்பான்.

சிபில், அதாவது நம் கடன் வரலாற்றைச் சொல்லும் அறிக்கை. நான் கடனே வாங்கியதில்லை என்பார்கள். கணவரின் பைக் கடனுக்கு ஜாமீன் போட்டது நினைவிருக்காது. குழுக் கடனில் இன்னொருத்தி கட்டாத தவணையும் உங்கள் தலையில் நிற்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். வங்கி பார்க்கும் முன் நீங்கள் பாருங்கள்.

இனி புரோக்கர். இந்தத் திட்டத்தில் விண்ணப்பம் போட, திட்ட அறிக்கை தயாரிக்க, வங்கியில் பேச என்று மாவட்ட வள நபர்கள் இருக்கிறார்கள். கடன் அனுமதியாகும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 20,000 ரூபாய் அரசே அவர்களுக்குக் கொடுக்கிறது. உங்களிடம் யாரும் வாங்க வேண்டியதில்லை. யார் கேட்டாலும், "ஐயா, உங்களுக்கு அரசு தருதே" என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த முறுக்கு போடும் பெண் ஒருவர் திட்ட அறிக்கைக்காக ஒருவரிடம் பணம் கட்டினார். வந்த அறிக்கையின் நடுப்பக்கத்தில் மூலப்பொருள் என்று மாங்காயும் நல்லெண்ணெயும் போட்டிருந்தது. வேறு யாருக்கோ செய்த ஊறுகாய் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மேலாளர் நாளைக்கு எத்தனை கிலோ என்று கேட்டபோது அறிக்கையில் ஒரு கணக்கு, அந்தப் பெண் சொன்னது ஒரு கணக்கு. விண்ணப்பம் அங்கேயே நின்றது. உங்கள் அரிசி விலை, எண்ணெய் விலை, ஒரு நாளில் எத்தனை கிலோ என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்து, அதை வைத்து அறிக்கை போடச் சொல்லுங்கள்.

மெஷின் விற்பவர்களிடமும் கவனம். "உங்க பங்குப் பணத்தை நாங்க பாத்துக்கிறோம்" என்று சொன்னால், கொட்டேஷனில் விலையை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏற்றிய விலைக்கும் சேர்த்து வட்டி கட்டப்போவது நீங்கள்.

வங்கியில் கேட்கும் பதில்கள் எல்லாருக்கும் பழக்கம்: "இது எங்க ஏரியா இல்ல", "டார்கெட் முடிஞ்சது", "மேல அனுப்பியிருக்கோம்", "அடுத்த வாரம் வாங்க". வாயால் சொல்லும் எதற்கும் பின்னால் அலையாதீர்கள். விண்ணப்பம் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 10 லட்சம் வரையான குறுந்தொழில் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தையோ நகையையோ அடமானமாகக் கேட்கக் கூடாது என்பதும் விதிதான். "பத்திரம் இருக்காம்மா?" என்று கேட்டால், "அதை எழுதித் தாங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், பேச்சு மாறும். அப்படியும் நகரவில்லை என்றால் மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து மனு எண்ணை வாங்கி வையுங்கள்.

சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்குத் தனியாக, உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் உண்டு. குழுவில் சேமித்தால் மட்டும் போதாது, உணவுப் பொருள் செய்துகொண்டிருக்க வேண்டும். குழுக்களின் கூட்டமைப்புக்கு அது மானியம், உங்களுக்கு அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். "இது அரசு காசுதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறு தொழிலுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வங்கி வாசலில் நிற்பதை விட இது எளிது.

எந்தத் திட்டம் என்று முடிவானதும், விண்ணப்பம் போடும் முன் உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுங்கள். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். போட்டோவும் அடையாள அட்டையும் வைத்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் நீங்களே போடலாம். இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், வயிறு எரிகிறது. இன்னொன்று, பலருக்குத் தெரியாது: விண்ணப்பித்து 7 நாளுக்குள் பதிவும் தராமல், மறுக்கவும் செய்யாமல், ஆய்வுக்கும் உத்தரவிடாமல் இருந்தால் தொழிலைத் தொடங்கலாம் என்று 2011 விதிமுறையிலேயே இருக்கிறது. பின்னால் வந்து சொல்லும் திருத்தங்களைச் செய்து கொடுத்தால் போதும்.

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. கூகுளில் தேடினால் முதலில் வருவது பல நேரம் காசு பிடுங்கும் போலித் தளம். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் விண்ணப்பம் வாங்குவோம் என்பார்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை அது கட்டாயமில்லை.

இன்னும் தொழிலே தொடங்காதவர்கள் பிஎம்இஜிபி என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் பக்கமும் பார்க்கலாம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பெண்களுக்குக் கிராமத்தில் 35%, நகரத்தில் 25% மானியம், கைப்பணம் 5% போதும். ஆனால் அது புதுத் தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கும் தொழிலுக்குக் கிடையாது. எனவே எந்தத் திட்டம் என்று முடிவு செய்துவிட்டுப் பதிவுகளைத் தொடங்குங்கள். இதற்கும் காலக்கெடு 2025-26 வரைதான் அறிவித்திருந்தார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தோடு, தொழில் நடத்த ஆட்சேபம் இல்லை என்று வீட்டுக்காரரிடம் ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள். கடன் வந்த பிறகு வீட்டுக்காரர் மறுத்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மின்வாரியத்தில் குடிசைத் தொழில் கட்டண இணைப்பு கேளுங்கள். வீட்டு இணைப்பில் அரவை மெஷின் ஓட்டினால் அபராதம் போடுவார்கள், அந்தத் தொகைக்கு எந்தத் திட்டத்திலும் மானியம் இல்லை.