கடைசியாக எந்தப் புத்தகத்தை முடித்தீர்கள்?

கிளை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். இரவல் மேஜைக்கு வந்த ஒரு அக்கா, "சார், நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்க" என்றார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல எழுந்து போய், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்து வந்து கொடுத்தேன். எனக்கு உயிரான நாவல். இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடான், பினாங்கு என்று நின்றபடியே பத்து நிமிடம் பேசினேன். மூன்றாம் நாள் புத்தகம் திரும்பி வந்துவிட்டது.

"படிச்சீங்களாக்கா?"

"டைம் இல்ல சார்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தானே அலமாரியில் தேடி ஒரு குடும்ப நாவலை எடுத்து வந்து, அட்டைப்படம் தெரியாமல் கவிழ்த்து மேஜையில் வைப்பார். ஏன் கவிழ்த்து வைக்கிறார் என்று எனக்கு உறைக்கவே ரொம்ப நாள் ஆனது.

நூலக அறிவியல் படித்தவர்கள் எல்லோரும் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931-இல் அவற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. பரீட்சையில் நன்றாகத்தான் எழுதினேன். மேஜைக்கு வந்ததும், எல்லா வாசகருக்கும் எனக்குப் பிடித்த புத்தகம் என்று ஆறாவதாக ஒரு விதியை நானே சேர்த்துக்கொண்டேன்.

இப்போது "என்ன மாதிரி புத்தகம் வேணும்?" என்றுகூடக் கேட்பதில்லை. கேட்டால், "நல்லதா ஏதாவது" என்பார்கள். நான் கேட்பது இரண்டே கேள்விகள். கடைசியா எதை முழுசா முடிச்சீங்க? எதைப் பாதியில விட்டீங்க? இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு உண்மையான பதில் வரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் நூலகத்தில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும். முதல் பாகம் தையல் விட்டு, முதுகில் பசைநாடா ஒட்டிக் கிடக்கிறது. ஐந்தாம் பாகம் போன வாரம் வாங்கியது போல இருக்கிறது. ஆரம்பித்தவர்கள் எல்லோரும் முடித்துவிடவில்லை, அவ்வளவுதான். அப்படி விட்டவர்களிடம் இன்னொரு தலையணையைக் கொடுக்கக் கூடாது. ஒரு வாரத்தில் முடிகிற மாதிரி மெல்லிசான புத்தகம் கொடுத்தால், முடித்தோம் என்ற தெம்பிலேயே அடுத்ததற்கு வருவார்கள்.

அந்த அக்காவிடம் ஒருநாள் நானே வெட்கத்தை விட்டு, கையில் இருந்த நாவலில் என்ன பிடித்தது என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள நடக்கறதை அப்படியே எழுதறாங்க சார். குழாயடி சண்டைகூட." குழாயடி என்றதும் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நினைவுக்கு வந்தது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு தெரு, அதில் இரண்டு சகோதரிகள். சின்ன நாவல். நான் விளக்கவுரை எதுவும் கொடுக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது, "எங்க தெருவைத்தான் எழுதியிருக்கார்" என்றார். அன்று புத்தகம் கவிழ்ந்திருக்கவில்லை.

"கதையெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்கிறவர்கள் வேறு ரகம். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பவர்கள். அவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு நீட்டுவது உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. தடிமனைப் பார்த்து மிரள்வார்கள். இது 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர், தினமும் ஒரு அத்தியாயம் போதும் என்று சொல்வேன். கும்பகோணம், திருவாவடுதுறை என்று தெரிந்த ஊர்ப் பெயர்கள் வர வர, உள்ளே போய்விடுவார்கள். 1942-இல் அவர் காலமானதால் சரித்திரம் பாதியில் நிற்கும். "மிச்சத்தை யார் எழுதினாங்க?" என்று கேட்டு வந்தவர் உண்டு. கதை ஒத்துவராதவர் கேட்கிற கேள்வியா அது!

போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் திறக்கும்போதே வாசலில் நிற்பார்கள். எங்கள் கட்டடத்திலேயே அதிக நேரம் இருப்பது அவர்கள்தான். ஆனால் அலமாரிப் பக்கம் வரவே மாட்டார்கள். ஒரு பையன் கைடைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான்: "கரிப்பு மணிகள், ராஜம் கிருஷ்ணன், உப்பளத் தொழிலாளர்." அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நாலடி பின்னால் அந்தப் புத்தகம் இருந்தது. எடுத்து முன்னால் வைத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்து, "இது நிஜமாவே இருக்கா சார்?" என்றான். ஒரு மதிப்பெண் விடையாக மட்டுமே அதைத் தெரிந்து வைத்திருந்தவன். அன்று பத்துப் பக்கம் படித்தான். தேர்வு முடிந்த மறுநாள் வந்து வீட்டுக்கு எடுத்துப் போனான்.

'நூலகர் பரிந்துரை' என்று எழுதி ஒரு தட்டு வைத்துப் பார்த்ததும் உண்டு. தூசிதான் படிந்தது. வாசகர்கள் முதலில் துழாவுவது, அலமாரிக்குப் போகாமல் மேஜை ஓரத்தில் குவிந்திருக்கும் திரும்பி வந்த புத்தகங்களைத்தான். யாரோ படித்தது என்றால் ஒரு நம்பிக்கை போல. இது தெரிந்த பிறகு ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்கிறேன். யாரும் தொடாத நல்ல புத்தகங்களில் இரண்டை அந்தக் குவியலுக்குள் சொருகி வைக்கிறேன்.

'புயலிலே ஒரு தோணி' அப்படித்தான் போன மழைக்காலத்தில் அங்கே கிடந்தது. மலேசியாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் புரட்டிப் பார்த்தார். பினாங்கு என்ற பெயரில் விரல் நின்றது. பிறகு அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து வந்து, "இவர் எழுதினது வேற இருந்தா எடுங்க தம்பி" என்றார். சிங்காரம் எழுதிய நாவல்களே இரண்டுதான். இன்னொன்று 'கடலுக்கு அப்பால்'. அது எங்கள் கிளையில் இல்லை. மாவட்ட மைய நூலகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பெரியவர் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்.