இந்தியா தடை விதிக்கவில்லை என்பதால் மட்டும் பணம் வந்து சேர்ந்துவிடாது

கிருஷ்ணகிரியில் ஏற்றுமதியாளர்களின் கணக்குகளைத் தணிக்கை செய்துவரும் நான், ஒரே கதையை இந்த ஆண்டில் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டதால் இதை எழுதுகிறேன். பர்கூர்ப் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்தும் ஒருவர், துபாய் வணிகர் ஒருவருக்கு இரண்டு கன்டெய்னர் பெங்களூரா மாங்கூழ் அனுப்பினார். சரக்கு போய்ச் சேர்ந்தது; பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகலும் வந்தது; பணம் மட்டும் நியூயார்க் வங்கி ஒன்றில் முடங்கிக் கிடக்கிறது. துபாய் வணிகர் தம் கணக்கிலிருந்து அனுப்பாமல், கடைசி நேரத்தில் வேறொரு நிறுவனத்தின் மூலம் அனுப்பச் செய்திருக்கிறார். அந்த நிறுவனத்தின் பாதிப் பங்கு, அமெரிக்கத் தடைப் பட்டியலில், அதாவது அமெரிக்க அரசு பொருளாதாரத் தடை விதித்தவர்களின் பட்டியலில், உள்ள ஒருவருடையது. மாங்காய் கொடுத்த விவசாயிகளுக்குத் தருவதற்காக ஆலைக்காரர் இப்போது வெளியில் வட்டிக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"நம் அரசாங்கம் எந்தத் தடையும் போடவில்லையே, சார்?" என்பதுதான் மூவரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ஐ.நா. பாதுகாப்பு அவை விதிக்கும் தடைகளை மட்டுமே இந்தியா ஏற்கிறது, தனியொரு நாடு விதிப்பதை ஏற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் விலை பேசியது டாலரில் அல்லவா? துபாய் வங்கியிலிருந்து உங்கள் வங்கிக்கு டாலர் நேராக வருவதில்லை. இரண்டு வங்கிகளின் சார்பிலும் டாலர் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்க வங்கிகளின் வழியாகத்தான் அது கைமாறுகிறது. அந்தச் சில நொடிகளுக்கு உங்கள் பணம் அமெரிக்கச் சட்டத்துக்குள் நிற்கிறது. விற்றவர் இந்தியர், வாங்கியவர் துபாய்க்காரர், பொருள் மாங்கூழ் என்பதெல்லாம் அங்கே செல்லாது. பிரான்ஸின் பி.என்.பி. பாரிபா வங்கி, சூடான், ஈரான், கியூபா தொடர்பான டாலர்களை இவ்வாறு நியூயார்க் வழியாகக் கடத்திய குற்றத்தை 2014-இல் ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 897 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. அத்தகைய தண்டனையைக் கண்ட வங்கிகள், உங்களுடைய இரண்டு கன்டெய்னருக்காகச் சந்தேகத்தின் பலனைத் தரும் என்று தயவுசெய்து எதிர்பார்க்காதீர்கள்.

உணவுப் பொருளுக்கு விலக்கு உண்டு என்பார்கள். அது பொருளுக்கான விலக்கு; இடையில் பட்டியலிடப்பட்ட ஆளோ வங்கியோ இருந்தால் தானாகக் கைகொடுக்காது. பட்டியலில் பெயர் இல்லை என்பார்கள். தடைக்குள்ளானவர்கள் தனியாகவோ கூட்டாகவோ 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால், பெயர் இல்லாத நிறுவனமும் தடைக்குள்ளானதே.

வங்கி பணத்தைத் திருப்பி அனுப்புவதும் முடக்குவதும் ஒன்றல்ல. திருப்பினால் வேறு வழியில் வாங்கிக்கொள்ளலாம். முடக்கினால் அமெரிக்கக் கருவூலத் துறையின் உரிமம் கிடைத்தால்தான் அது வெளிவரும். அதற்கான விண்ணப்பம் மாதக்கணக்கில் இழுக்கும். வழக்கறிஞர் கட்டணமோ டாலரில்.

ஓசூர் உதிரிபாகத் தொழிலதிபர்களுக்கு ஆபத்து இதைவிடப் பெரியது, ஏனெனில் அங்கே நிறுவனமே பட்டியலில் ஏறிவிடக்கூடும். ரஷ்யப் போர்த்தளவாடங்களுக்குப் பயன்படுபவை என்று மேற்கு நாடுகள் தொகுத்துள்ள பொருள்களில் பேரிங்கும் உண்டு. ரஷ்யாவின் போருக்கு உதவியதாகக் கூறி 2024 அக்டோபரில் அமெரிக்கா ஒரே நாளில் தடை விதித்தவற்றில் 19 இந்திய நிறுவனங்கள் இருந்தன. சரக்கு ரஷ்யாவுக்கு அல்ல, மூன்றாம் நாட்டுக்குத்தான் போகிறது என்று சொல்லித் தப்ப முடியாது. அங்கிருந்து எங்கே போகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

வாங்குபவரின் பங்குதாரர் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் வியாபாரம் வேண்டாம். தடைப் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். வாங்குபவர், அவருடைய வங்கி, கப்பல் என எல்லாப் பெயர்களையும் தேடி, தேதியுடன் அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். பணம் வந்து சேரும்வரை மூலப் பில் ஆஃப் லேடிங்கை, அதாவது சரக்கைப் பெறக் காட்டவேண்டிய கப்பல் ஆவணத்தை, கைவிடாதீர்கள். ரூபாயில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் அனுமதித்திருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று வங்கியிடமே கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள்.

"பணம் வேறு கம்பெனியிலிருந்து வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால், லாரியை ஆலை வாசலிலேயே நிறுத்திவிட்டு உங்கள் ஆடிட்டரை அழையுங்கள். இரவு பத்து மணியானாலும் தயங்காமல் அழையுங்கள். சரக்கு கப்பலேறிய பிறகு வந்தால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.