கண்ணாடி கறுத்தால் அறை குளிர்ந்துவிடுமா?

வெயில் ஏற ஏறத் தானாகக் கறுக்கும் பிலிமை ஜன்னலில் ஒட்டிவிட்டோம், ஏசி செலவு குறையவே இல்லை, ஏன்? கட்டடங்களின் ஆற்றல் பயன்பாட்டை ஆய்வு செய்வது என் வேலை என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் ஓயாமல் வருகிறது. கடைசியாக வந்தது இன்னும் மோசம். பிலிம் ஒட்டிய கண்ணாடியில் ஓரத்திலிருந்து உள்நோக்கி விரிசல் ஓடியிருந்தது. விற்றவர் கண்ணாடி தரமில்லை என்று சொல்லி ஒதுங்கிவிட்டார். அந்தக் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. எந்தக் கண்ணாடி மேல் எதை ஒட்டுகிறோம் என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் ஆற்றாமை தருவது, கறுப்பைப் பார்த்ததும் குளிர்ச்சி என்று முடிவு கட்டுவது. தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியும் ஒளி 40 சதவீதத்துக்குச் சற்று மேல். மீதிச் சிறு பங்கு புற ஊதா. கண்ணாடி கறுக்கும்போது ஒளி குறைந்தது உங்களுக்குத் தெரிகிறது. அகச்சிவப்பு குறைந்ததா, இல்லை முன்போலவே உள்ளே வந்துகொண்டிருக்கிறதா என்பதை எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கறுத்த கண்ணாடி ஒளியைத் திருப்பி வெளியே அனுப்பவில்லை, தானே உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதால் சூடாகிறது. சூடான கண்ணாடி இரண்டு பக்கமும் வெப்பத்தை விடும், அதில் ஒரு பக்கம் உங்கள் அறை. ஒற்றைக் கண்ணாடி என்றால் வெளிக்காற்று கொஞ்சமாவது வாங்கிக்கொண்டு போகும். இரட்டைக் கண்ணாடியின் அறைப்பக்கத் தகட்டில் ஒட்டினீர்களானால், நடுவிலுள்ள காற்றிடைவெளி வெளியே போகும் வழியை அடைத்துவிடுகிறது. உறிஞ்சிய வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள்தான் இறங்கும். நிறம் ஏறும் தகடு வெளிப்பக்கத் தகடாக இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒளிபட்டால் கறுக்கும் ஃபோட்டோக்ரோமிக் பொருட்களுக்கு வருவோம். 1960களில் கார்னிங் நிறுவனத்தில் உருவான வெள்ளி ஹாலைடு கண்ணாடியும் சரி, இன்று மூக்குக்கண்ணாடியில் வரும் கரிமச் சாயங்களும் சரி, முக்கியமாகப் புற ஊதா பட்டுத்தான் கறுக்கின்றன. காருக்குள் உட்கார்ந்தால் அந்த மூக்குக்கண்ணாடி சரியாகக் கறுப்பதில்லையே, கவனித்திருப்பீர்கள். காரின் முன்கண்ணாடி லேமினேட்டட், அதாவது இரண்டு தகடுகளை நடுவில் பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. அந்த பிளாஸ்டிக் படலம் புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடுகிறது. உங்கள் ஜன்னலும் லேமினேட்டட் என்றால், அறைப்பக்கம் ஒட்டிய பிலிமுக்கும் அதே நிலைமைதான். ஒட்டுவதற்கு முன்னால் கண்ணாடியின் வகையைக் கேட்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

அப்புறம் வெப்பநிலை. இந்தச் சாயங்கள் சூடேறினால் வேகமாக நிறமிழக்கும். ஆகவே கொளுத்தும் நாளில், சூடான கண்ணாடியின் மேல், இவை குறைவாகத்தான் கறுக்கும். குளிர்ந்த, வெயில் அடிக்கும் காலையில், அந்த வெப்பம் உள்ளே வந்தால் நல்லது என்று நாம் நினைக்கும் நேரத்தில், நன்றாகக் கறுக்கும். ஆற்றல் சேமிப்புக்கு நமக்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிர். போதாததற்கு, புற ஊதாவிலேயே கிடந்து சாயம் தேய்ந்துபோகும். மூக்குக்கண்ணாடியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுவோம், ஜன்னலை அப்படி மாற்ற முடியுமா?

சூட்டுக்கு மாறும் தெர்மோக்ரோமிக் வகையில் வனேடியம் டை ஆக்சைடு பிரபலம். இது அகச்சிவப்பையே தடுக்கும், அதுதான் இதன் பலம். ஆனால் தூய நிலையில் 68 டிகிரி செல்சியஸில்தான் மாறும். டங்ஸ்டன் கலந்து அந்த வரம்பைக் கீழே கொண்டுவருகிறார்கள். மின்சாரத்தால் மாறும் எலக்ட்ரோக்ரோமிக் கண்ணாடியில் கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது. சில வோல்ட் போதும், பெரிய தகடு கறுக்கச் சில நிமிடம் ஆகும். நன்றாகக் கறுத்த பிறகும் சூரிய வட்டம் நேரே தெரிந்தால் கண் கூசும், திரையை எடுத்துவிடாதீர்கள். சுவிட்சைப் போட்டதும் பால்போல மங்கலாக இருந்தது தெளியுமே, அந்த பிரைவசி கண்ணாடியை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒளியைச் சிதறடிக்கிறது, வெப்பத்தில் பெரும்பகுதியை உள்ளேதான் விடுகிறது.

வாங்கப் போகும்போது இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று எஸ்.எச்.ஜி.சி., அதாவது கண்ணாடியில் விழும் மொத்த சூரிய வெப்பத்தில் உள்ளே வரும் பங்கு. இன்னொன்று வி.எல்.டி., உள்ளே வரும் ஒளியின் பங்கு. இரண்டையும் தெளிந்த நிலை, கறுத்த நிலை இரண்டுக்கும் கேளுங்கள். எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதையும் கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. 9050 போன்ற தரமுறைப்படி எடுத்த சோதனை அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். கடையில் விளக்கைக் காட்டி, பிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். அந்த விளக்கின் வெப்பத்தில் பெரும்பகுதி அகச்சிவப்பு. சூரிய ஒளியின் கலவையே வேறு, அதனால் அந்தச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

விரிசலுக்கு வருகிறேன். வெயிலில் கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகும், சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். சாதாரணக் கண்ணாடியில் இந்த வேறுபாடு 30, 40 டிகிரியை எட்டினாலே ஆபத்து. உறிஞ்சும் பிலிம் அந்த வேறுபாட்டைக் கூட்டுகிறது. வெட்டிய ஓரத்தில் சிறு கீறல் இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். சூடாக்கி வேகமாகக் குளிர்வித்து வலுவாக்கிய டஃபன்ட் கண்ணாடி இதைவிடப் பல மடங்கு தாங்கும். கண்ணாடியின் ஒரு பாதியில் மட்டும் நிழல் விழும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை.

வெளியே நிழல் தர வழியிருந்தால் முதல் செலவை அதில் செய்யுங்கள், தயவுசெய்து. கண்ணாடியைத் தொடும் முன்பே வெயிலை நிறுத்துவதற்கு ஈடாக உள்பக்கத்தில் எதுவும் இல்லை. ஏற்கெனவே பிலிம் ஒட்டிவிட்டீர்களா? அப்படியானால் உள்திரையைக் கண்ணாடியோடு ஒட்டித் தொங்கவிடாதீர்கள். மேலும் கீழும் காற்றோட இடைவெளி விடுங்கள். ஏசியின் குளிர்காற்று கண்ணாடியின் மேல் நேராக அடிக்காமல் திருப்பி வையுங்கள். ஓரங்களை அவ்வப்போது பாருங்கள். முடியளவு கோடு தெரிந்தாலும் பிலிமை நீங்களே உரிக்க முயல வேண்டாம், கண்ணாடி வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.